ஃபேனை நிறுத்தச் சொன்ன டாக்டர்

“அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா. கதவையும் சாத்திடுங்க.”

ஈ.என்.டி டாக்டர் எங்களைப் பார்த்ததும் சொன்னது இதுதான். பேர் என்ன, வயசு என்ன, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, எதுவும் கேட்கவில்லை. கிளினிக் மாடியில். பதினெட்டுப் படி ஏறி வந்த சித்தி ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டோக்கன் கொடுக்கும் அம்மா வந்து சுவிட்சைத் தட்டினார். பழைய ஃபேன். டக்டக்கென்று ஆடிக்கொண்டே வேகம் குறைந்து ஒரு வழியாக நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எண்ணெய் போடாத கிணற்று ராட்டினத்தில் கயிறு இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். மூச்சை இழுக்கும்போது நீளமாக, விடும்போது லேசாக. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைக்கவில்லை, கழுத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது ஓயும் வரை பொறுத்திருந்து மறுபடி கேட்டார். இரண்டு நிமிஷம் இருக்கும்.

“இது இளைப்பு இல்லைம்மா. உள்ளே இழுக்கறப்பதான் சத்தம் பலமா வருது. உங்களுக்கு எப்பவாவது வாய் வழியாக் குழாய் போட்டு மெஷின்ல வச்சிருந்தாங்களா?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பத்து வாரமாக இந்த ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை.

பதினான்கு வருஷமாக இங்கிலாந்தில், பர்மிங்காமில் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்கு வருவேன். இந்த முறை பேங்க் வேலை, ஆதார் திருத்தம், பட்டா நகல் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எழுத நினைப்பது இந்த மூச்சைப் பற்றித்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வயதானவர்களை விட்டு வைத்திருக்கிற எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் சித்தியைக் கட்டுவிரியன் கடித்தது. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம், தரையில் பாய், நடு ராத்திரி. கட்டுவிரியன் கடித்தால் வலியே இருக்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியவில்லை. பிறகு பேச முடியவில்லை. 108 வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. விஷமுறிவு மருந்து கொடுத்தார்கள். (அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பது. 1978இல் ஆரம்பித்த சங்கம் அது. அவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.) ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் மருந்து கொடுத்தாலும் உடனே விடாது. மூச்சுத் தசை மறுபடி வேலை செய்யும் வரை மெஷின்தான் மூச்சு விட வேண்டும். ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். பிழைத்து வந்தாள். நான் அங்கிருந்து வீடியோவில் பார்த்து அழுதேன்.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்தபோது குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். மார்கழி பிறந்ததும் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. எல்லாரும் பனி என்றார்கள். மார்கழிப் பனிக்கு இளைப்பு வருவது ஊரில் புதிதா என்ன? காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள், தூதுவளை ரசம் வைத்துக் குடித்தாள். தை வந்தது, பனி குறைந்தது, மூச்சு மட்டும் குறையவில்லை.

முதல் டாக்டர் இளைப்பு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர் இன்ஹேலர் எழுதினார். மூன்றாவதாகப் போன இடம் பெரிய தனியார் ஆஸ்பத்திரி, நெஞ்சு நோய் சிறப்பு மருத்துவர். எக்ஸ்ரே எடுத்தார், குழாயில் ஊதச் சொல்லி ஒரு டெஸ்ட் எடுத்தார், ‘கடுமையான ஆஸ்துமா’ என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அதிலிருந்து சுகர் ஏறியது, முகம் உப்பியது. மூச்சு அப்படியே இருந்தது. போனில் கேட்கும்போதெல்லாம் “இப்பப் பரவாயில்லைடா” என்பாள். நானும் நம்பினேன். வாட்ஸாப் காலில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுத்தான் இருக்க வேண்டும். நெட் சரியில்லை என்று நினைத்திருக்கிறேன்.

மாசியில் நான் வந்த அன்று வாசலுக்கு வந்து வரவேற்றாள். “வாடா” என்று ஒரு சொல். பிறகு மூச்சு. பிறகு “சாப்பிட்டியா”. பிறகு மூச்சு. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று பேசுகிறவளை நான் முதன்முறையாக நேரில் பார்த்தேன்.

அன்று ராத்திரியே மூச்சு அதிகமாகி அந்தப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. டி.வி ஓடிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “ஆஸ்துமா கேஸ்தானே, நெபுலைசர் வைங்க” என்று எழுதினார். புகை வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒன்றும் மாறவில்லை. நான் என் போனில் சித்தியின் மூச்சுச் சத்தத்தைப் பதிவு செய்து, “டாக்டர், இதை ஒரு நிமிஷம் கேளுங்க, இழுக்கும்போதுதான் சத்தம் வருது” என்று நீட்டினேன். “சார், நீங்க டாக்டரா?” என்று கேட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். ஆக்சிஜன் அளவு 96 காட்டியது. “சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு” என்று விடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

அந்த 96தான் எங்களை ஏமாற்றியது. மேலே மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் நுரையீரல் நன்றாகவே இருக்கும். ஆள் முழு பலத்தையும் போட்டு இழுத்து இழுத்து ஆக்சிஜனைச் சரிக்கட்டிக்கொண்டிருப்பார். விரலில் மாட்டுகிற கருவிக்கு அந்தப் பாடு தெரியாது. களைத்துப்போனால்தான் எண் இறங்கும், இறங்கினால் மளமளவென்று இறங்கும். இதை அந்த வயதான ஈ.என்.டி டாக்டர்தான் பின்னால் விளக்கினார்.

அவரிடம் போகச் சொன்னது பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சர். “காது குத்தலுக்குக்கூட அவர்தான், போய்ப் பாருங்களேன்” என்றார். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஐந்து மணிக்கு டோக்கன், ஏழாம் நம்பர்.

ஃபேன் நின்று, அவர் கேட்டு முடித்த பிறகு சித்தி மடியில் இருந்த மஞ்சப்பையை வாங்கி மேஜையில் கொட்டினார். பாம்புக்கடி ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள், பில்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டாம் பக்கம் ஒரு வரி: ஒன்பது நாள் வென்டிலேட்டர். அதன் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அடுத்து அந்த ஊதின டெஸ்ட் பேப்பரை எடுத்து என்னிடம் காட்டினார். ஆஸ்துமா இருப்பவர் ஊதினால் கோடு மேலே கூராக ஏறிக் குழிவாக இறங்கும். சித்தியின் கோடு மேலேயும் தட்டை, கீழேயும் தட்டை. ஒரு பெட்டி மாதிரி. “காத்து வெளியே போறதுக்கும் தடை, உள்ளே வர்றதுக்கும் தடை. ஒரே இடத்துல இறுகின குழாய்னு இந்தப் படமே சொல்லுது பாருங்க.” அந்தப் பேப்பர் ஒரு மாசமாக மஞ்சப்பையிலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். நீளக் காம்பு வைத்த ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதை விளக்கின் மேல் காட்டிச் சூடாக்கினார், மூச்சு பட்டுப் பனி படியாமல் இருக்க. தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தார். சித்தியின் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு கண்ணாடியை உள்ளே விட்டு, “ஈஈ சொல்லுங்க” என்றார். 1854இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் தன் குரல்நாண் எப்படி அசைகிறது என்று பார்க்க இரண்டு கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக் கண்டுபிடித்த வித்தை அது. இப்போது எங்கும் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் வீடியோ ஸ்கோப்தான். நான் இருக்கிற ஊரில் இந்தக் கண்ணாடியைக் கையில் எடுக்கும் டாக்டரை நான் பார்த்ததே இல்லை.

“குரல்நாண் ரெண்டும் நல்லாத் திறந்து மூடுது. பிரச்சனை அதுக்குக் கீழே.” மருந்துச் சீட்டைத் திருப்பிப் படம் போட்டார். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் பத்துப் பதினொரு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் அகலம். வென்டிலேட்டர் குழாயின் நுனிப் பக்கம் ஒரு சின்ன பலூன் இருக்கும், கஃப் என்பார்கள். காற்று பக்கவாட்டில் கசியாமல் இருக்க அதை ஊதி வைப்பார்கள். அந்த அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் உள்தோலுக்குப் போகிற ரத்தம் நின்றுபோகும். அந்த இடம் வெந்து புண்ணாகி, புண் ஆறும்போது தழும்பாகி, தழும்பு நாளாக நாளாகச் சுருங்கும். அதனால்தான் மெஷினை எடுத்த அன்று ஒன்றும் தெரியாமல் நாலு வாரம், ஆறு வாரம் கழித்து மூச்சு முட்டுகிறது. இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களின் தசையைத் தளர்த்தும். தழும்பு தசை இல்லை, அது எதற்கும் தளராது.

குழாயின் அகலம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காற்று சீராகப் போகும் என்று வைத்துக்கொண்டாலே தடை 16 மடங்கு கூடும். இதைக் கேட்டதும் சித்தி மொட்டை மாடிக்கு ஏறி வத்தல் காயவைத்த நாளெல்லாம் எனக்கு நினைவு வந்தது. 16 மடங்கு பாரத்தை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

முன்னூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கழுத்துக்கும் மார்புக்கும் சி.டி ஸ்கேன் எழுதினார். தூக்க மாத்திரை கூடாது, தட்டையாகப் படுக்க வைக்கக் கூடாது, சளி கட்டினால் கிளினிக் எதற்கும் போகாமல் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். அவ்வளவு குறுகிய வழியை அடைக்க ஒரு சளிக்கட்டி போதும். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு எங்கள் முன்னாலேயே சென்னையில் இருக்கும் தன் பழைய மாணவருக்குப் போன் செய்தார்.

இங்கே என் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. பர்மிங்காமில் காலை எட்டு மணிக்குப் போன் வரிசையில் நின்று ஜி.பியை, அதாவது குடும்ப டாக்டரைப் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷம் கிடைக்கும். அவர் எழுதி, ஈ.என்.டியைப் பார்க்க மாசக்கணக்கில் ஆகும். இங்கே மாலை ஐந்து மணிக்கு டோக்கன் போட்டு ஆறரைக்கு நோய் என்ன என்று தெரிந்தது. மறுநாள் காலை ஒன்பதுக்கு ஸ்கேன், பன்னிரண்டுக்கு ரிப்போர்ட். எங்கள் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் நினைத்தே பார்க்க முடியாத வேகம். ஆனால் அங்கே கம்ப்யூட்டரைத் திறந்தால் போன வருஷம் வென்டிலேட்டரில் இருந்தது டாக்டர் கண்ணில் படும். இங்கே எல்லாமே மஞ்சப்பையில் இருக்கிறது. பையைத் திறந்து பார்க்கிறவர் கிடைத்தால் உண்டு.

ஸ்கேன் ரிப்போர்ட்: குரல்நாணுக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுருக்கம். மிகக் குறுகிய இடம் ஐந்து மில்லிமீட்டர். ஒரு பேனா ரீஃபிலை விடக் கொஞ்சம் அகலம். சித்தப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தார்.

ஆக்சிஜனும் நர்ஸும் வைத்த ஆம்புலன்ஸில் சென்னை போனோம். அரசு மருத்துவமனை. தனியாருக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். பழைய மாணவர் போனிலேயே, “சார், இந்த ஆபரேஷன் எங்க அதிகமா நடக்குதோ அங்கதான் செய்யணும், ஏ.சி எங்க இருக்குன்னு பார்க்காதீங்க” என்றார். காப்பீட்டு அட்டை இருந்தது. குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை என்கிற முதலமைச்சர் திட்டம். சித்தப்பா அதை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

அங்கே போன அன்றே ஸ்கோப் வைத்துப் பார்த்து, பலூன் விட்டு அந்த இடத்தை விரித்துவிட்டார்கள். வெளியே கொண்டு வந்தபோது சத்தம் இல்லை. சித்தி ஒரே மூச்சில் “காபி கிடைக்குமா” என்றாள். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டாக்டர் அம்மா உடனே சொல்லிவிட்டார்: இது தற்காலிகம். தழும்பு மறுபடி சுருங்கும். மெல்லிய வளையம் போல இருந்தால் லேசரால் கீறி, பலூனால் விரித்துச் சமாளிக்கலாம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு, குருத்தெலும்பும் கெட்டுப்போயிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு மேல் நுனியையும் கீழ் நுனியையும் சேர்த்துத் தைப்பதுதான் நிரந்தரம். ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு டி எழுத்து வடிவத்தில் சிலிக்கோன் குழாய் வைப்பார்கள்.

அதற்கும் உடனே போக முடியவில்லை. ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது தைத்த இடம் சரியாகக் கூடாது. மாத்திரையை முழுக்க நிறுத்தி, சுகரை இறக்கி, நாலு வாரம் காத்திருக்க வேண்டும். இல்லாத ஆஸ்துமாவுக்குச் சாப்பிட்ட மாத்திரைக்காக நாலு வாரம். நான் அலுவலகத்தில் கெஞ்சி, இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன்.

அந்த நாலு வாரத்தில் வார்டில் பார்த்தவை நிறைய. இரண்டு வயதுக் குழந்தை வேர்க்கடலையை விழுங்க, அது வலது பக்கச் சுவாசக் குழாயில் போய் அடைத்துக்கொண்டது. வலது குழாய்தான் அகலம், நேராகவும் இறங்கும், அதனால் பெரும்பாலும் அங்கேதான் போகும். அன்று ராத்திரியே எடுத்துவிட்டார்கள். விழுப்புரத்துக்காரர் ஒருவர் ஏழு மாசமாகக் கரகரத்த குரலுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்திருக்கிறார், பீடி பிடிப்பவர், குரல்நாணில் கட்டி. ஆரம்பத்தில் வந்திருந்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ குரலோடு காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். இங்கிலாந்தில் 45 வயதுக்கு மேல் காரணம் தெரியாமல் குரல் கம்மியே இருந்தால் புற்றுநோய் சந்தேகம் என்று அவசரமாக அனுப்ப வேண்டும் என்பது ஜி.பிக்களுக்கான வழிகாட்டுதல். நம் ஊரில் அந்தக் குரலோடு பனங்கற்கண்டு வாங்கப் போகிறோம். ஒரு சிறுமிக்குக் குரல்வளைக்குள் மரு மாதிரி முளைத்து முளைத்து வருகிறது. அது எச்.பி.வி கிருமியின் வேலை, எத்தனையோ முறை எடுத்தாகிவிட்டது. அவள் அம்மாவுக்குத் தியேட்டர் ஆட்கள் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

வார்டில் குறையே இல்லையா என்றால் உண்டு. குளியலறையைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ராத்திரி ஒரு படுக்கைக்கு மூன்று உறவினர். ஆனால் மூச்சுச் சத்தம் கொஞ்சம் மாறினால் அந்த நர்ஸ் அக்காக்கள் பத்தடி தள்ளி இருந்தே திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். குழாயை நடுவில் வெட்டிய பிறகு சித்தி எப்படி மூச்சு விடுவாள் என்பதே எனக்கு முதல் நாள் முழுக்கக் கவலை. மயக்க மருந்து டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: வெட்டியதும் கீழ் நுனிக்குள் நேராக இன்னொரு குழாயைக் கழுத்துக் காயம் வழியாகவே விட்டு மூச்சு கொடுப்பார்கள். பின்பக்கம் தைத்து முடித்த பிறகு வாய் வழியாகப் போட்ட குழாயைக் கீழே இறக்கிக்கொண்டு முன்பக்கத்தைத் தைப்பார்கள்.

வெளியே வந்தபோது முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தடித்த நூலால் தைத்திருந்தார்கள். இதை முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது. தலையை நிமிர்த்தினால் சேர்த்த இடம் இழுபட்டுப் பிரிந்துவிடும் என்பதற்காக ஏழு நாள் அப்படி. சித்திக்கு ஏழு நாளும் தன் மடியும் தரையும்தான் தெரியும். யார் வந்தாலும் சேலைக் கரையையும் காலையும் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டாள். டாக்டர் அம்மாவை “கொலுசு போட்ட டாக்டர்” என்று என் தங்கையின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். மூன்றாம் நாள் என் காலைப் பார்த்து, ‘நகம் வெட்டு’ என்று எழுதினாள்.

எட்டாம் நாள் நூலை வெட்டினார்கள். மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். குரல் கரகரப்பாக வந்தது, ஆனால் முழு வாக்கியமாக வந்தது. இப்போது ஊரில் இருக்கிறாள். அடுத்த ஸ்கோப் ஆடியில். மொட்டை மாடிக்கு ஏறக் கூடாது என்று சித்தப்பா சாவியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சித்தியைப் பாம்புக்கடியில் காப்பாற்றிய அந்த ஐ.சி.யூவுக்கு ஸ்கேன் நகலை எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடப் போகவில்லை. அவர்கள் இல்லையென்றால் சித்தி இல்லை. பர்மிங்காமில் என்றால் இப்படி ஒன்றை எழுதிக் கொடுக்க ஒரு அலுவலகம் இருக்கும், பதில் கடிதம் வரும். இங்கே யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் பொறுப்பு நர்ஸைத் தேடிப் பிடித்தேன். “பாம்பு கடிச்ச அம்மாவா? எப்படி இருக்காங்க?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் படத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

பலூனில் காற்று போதுமா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். உள்ளே இருக்கும் பலூனோடு இணைந்து வெளியே தொங்கும் சின்ன பலூனை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார்களாம், மூக்கு நுனி அளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்பது கணக்கு. விரலுக்கு 25க்கும் 60க்கும் வித்தியாசம் தெரியாது என்று சென்னையில் மயக்க மருந்து டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அளக்கிற மீட்டர் ஒன்று இருந்ததாம், முள் உடைந்து ரிப்பேருக்குப் போனது திரும்பவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். மறுநாள் திருச்சியில் ஒரு சர்ஜிகல் கடையில் வாங்கி, ஏர்போர்ட் போகிற வழியில் தங்கையிடம் கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் அந்த நர்ஸ் தங்கைக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நாலாம் நம்பர் படுக்கையின் சார்ட். வழக்கமான பி.பி, பல்ஸ், சிறுநீர் அளவுக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பேனாவால் புதிதாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதிய எண்கள்: 24, 26, 24, 28, 25.